ஆவாரம் செடிக்குச் சொந்தக்காரி

போகிக்கு மூன்று நாள் இருக்கும்போது நடந்தது இது. காலை எட்டரை மணிக்கு ஒடுகத்தூர் தாண்டி பஸ்ஸைவிட்டு இறங்கினேன். கையில் ஈரச் சாக்கு, ஒரு கட்டு வாழைநார், சின்ன அரிவாள். நேராக என் ஆவாரந்தோட்டத்துக்கு நடந்தேன்.

தோட்டத்தைக் காணோம்!

சத்தியமாகச் சொல்கிறேன், வழி தவறி வேறு யார் நிலத்துக்கோ வந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். கிணறு அதே கிணறு. வேலியோரத்துப் பனைமரம் அதே பனைமரம். நடுவில் நானூறு ஆவாரம் செடிகள் — என் தலைக்கு மேல் வளர்ந்து, மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நின்ற செடிகள் — ஒன்றுகூட இல்லை. எல்லாம் கணுக்கால் உயரத்தில் வெட்டப்பட்டிருந்தன. வரப்போரம் பட்டை உரித்த குச்சிகள் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. பக்கத்தில் பூவும் இலையுமாய் நுனிக்கொத்துகள், குப்பை மாதிரி ஒரு குவியல்.

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழக்கூட வரவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காது. ‘யாரோ ஒருத்தர் ஆவாரம் செடியை எதற்கு உரிக்க வேண்டும்?’ என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஆவாரம் என்றால் பட்டை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு — திரும்பின பக்கமெல்லாம் டேனரி. தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையை மூட்டை மூட்டையாக வாங்கித் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். மலையடிவாரத்தில் நிற்கும் செடியை வெட்டி, கட்டையால் தட்டி, பட்டையை உரித்துக் கொடுப்பதே தொழிலாக வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு.

நான் ஒருத்திதான் இந்த வட்டாரத்திலேயே ஆவாரத்தைப் பூவுக்கும் இலைக்கும் வளர்த்த பைத்தியம்!

இரண்டரை வருஷம் முன்பு மெட்ராஸில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். மேடையில் பெரிய ஜாடி. அதில் ஏதோ சீமைப் புதரின் கிளைகள். இலை கத்தரிப்பூ நிறம். பூவோ பூவாகவே இல்லை... கிளையெல்லாம் புகை பிடித்து நிற்கிற மாதிரி இருந்தது. அலங்காரம் செய்தவரைப் பிடித்துக்கொண்டேன். மலை எஸ்டேட் ஒன்றிலிருந்து வரவழைத்தாராம். இதற்கென்றே புதரை வளர்த்து, வருஷா வருஷம் ஒட்ட வெட்டிவிட்டு, நீளநீளமாக வரும் கிளைகளை விற்கிறார்களாம். “ஆனா வந்து சேர்றதுக்குள்ள பாதி வாடிடுதும்மா. பக்கத்துல ஏதாவது புதர் கிடைச்சா தேவலை” என்றார்.

“எங்க ஊர் ஆவாரத்தைப் பார்த்திருக்கீங்களா?” என்றேன் நான். வாய் சும்மா இருக்காதே எனக்கு!

அப்படி ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் காட்பாடி ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். மாட்டுப்பொங்கலன்று மாட்டின் கழுத்தில் கட்டுவதை மெட்ராஸ்காரன் மேஜைமேல் வைக்கிறானா என்று ஒரு வாரம் சிரித்தார். முதல் பார்சல் போன மறுநாள் அலங்காரக்காரரிடமிருந்து தந்தி — ‘இலையெல்லாம் செத்துவிட்டது, இனி அனுப்பாதே.’ எனக்கு வந்த கோபத்துக்கு அடுத்த ரயிலிலேயே மெட்ராஸ் போனேன். போய்ப் பார்த்தால், கொத்துகளை இருட்டு ரூமில் பூட்டி வைத்திருக்கிறார் மனுஷர்! ஆவாரம் இலை இருட்டில் மடிந்து தூங்கும். ஜன்னலோரம் வைத்தோம், ஒரு மணி நேரத்தில் எல்லாம் விழித்துக்கொண்டு விரிந்தன. அன்றிலிருந்து அவர் என் பக்கம்தான்.

இந்தப் பொங்கலுக்கு அவர் கேட்டது ஐம்பது கட்டு. ஏதோ பெரிய விழா. சாயங்கால ரயிலில் ஏற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அன்று காலை பஸ் ஏறினேன்.

சரி, வரப்புக்கு வருவோம். பக்கத்து வேர்க்கடலைக் கொல்லைக்காரர் ஏழுமலை வாயில் வேப்பங்குச்சியோடு வந்தார். அவர் கிணற்றிலிருந்துதான் என் செடிகளுக்கு வாரம் இரண்டு நாள் தண்ணீர்.

“யாரு வெட்டினது ஏழுமலை?”

“பட்டை உரிக்கிறவங்கம்மா. விடிகாலையிலயே வந்துட்டாங்க. நல்ல வேலைக்காரங்க. ஒரு கட்டை கூடக் கிழியல பாருங்க.”

“நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?”

“நான்தாம்மா காட்டினேன்! மலையில வெட்ட ஒண்ணும் இல்ல, இங்க எங்கயாவது ஆவாரம் இருக்குதான்னு கேட்டாங்க. தோ, அந்தக் கொல்லையில ஜாஸ்தியா இருக்குதுன்னு கை காட்டினேன்.”

“ஏன்... ஏன் காட்டினீங்க?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீங்க பூவுக்குத்தான வளக்கறீங்க? பட்டை சும்மாத்தான போவுது?”

என்ன பதில் சொல்வீர்கள் இதற்கு? இரண்டு வருஷமாகத் தண்ணீர் விட்ட மனுஷர்!

ஏரிக்கரையில் இருக்கிறார்கள் என்றார். ஓடினேன். ஐம்பது வயதில் நான் ஓடியதை அன்றுதான் அந்த ஊர் பார்த்தது.

எட்டுப் பேர். நாலு ஆண், நாலு பெண். கரைமேல் மாட்டுவண்டி. உரித்த பட்டையைக் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒளிவு மறைவே இல்லை. நடுவில் நாற்பது வயதுப் பெண்ணொருத்தி, கையில் பட்டை தட்டுகிற மரக் கொட்டாப்புளி, எல்லாருக்கும் வேலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் முனியம்மா என்பது பிற்பாடு தெரிந்தது.

“யாரைக் கேட்டு வெட்டின?” என்றேன்.

“யாரக் கேக்கணும்?” என்றாள். திமிராக இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

“அது என் செடி!”

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நான் ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

“ஆவாரத்துக்கு யாரும்மா சொந்தக்காரி?” என்றாள் முனியம்மா.

“நான் வெச்சேன்! நான் தண்ணி ஊத்தினேன்!”

சிரிப்பு நின்றுபோயிற்று. முனியம்மா என்னை உற்றுப் பார்த்தாள். காக்கைக்குத் தலை வாரிவிட்டேன் என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி.

“ஆவாரத்துக்கா... தண்ணி ஊத்தினீங்க?”

“பாத்தி கட்டியிருந்தேனே, கண்ணு தெரியல?”

கூட்டத்திலிருந்த ஒரு ஆள் தலையைச் சொறிந்தான். “அது மொளகாய்க்குன்னு நெனச்சோம்மா. பாவம், யாரோ மொளகா வெக்கலாம்னு பாத்தி கட்டி, ஆவாரம் மண்டிப் போச்சு போலருக்குதுன்னு... உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் ஒண்ணு விடாம வெட்டினோம்.”

ஒத்தாசை! அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மண்டைக்குள் என்னவோ வெடித்தது. ஐம்பது கட்டு, சாயங்கால ரயில், இரண்டு வருஷ உழைப்பு... எல்லாம் சேர்ந்து வாய் வழியாக வந்தது.

“திருடி!” என்று கத்தினேன். “திருட்டுக் கும்பல்! திருடி!”

முனியம்மாவின் முகம் மாறியது. கொட்டாப்புளியைக் கீழே வைத்தாள்.

நான் விடுவேனா? “வா முன்சீப் வீட்டுக்கு” என்றேன். வந்தார்கள். வண்டியையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே, கரையோரச் சாலை டீக்கடையில் நின்றிருந்த பத்துப் பேர். அவர்களோடு ஏழுமலையும்.

கிராம முன்சீப் வயசானவர். நான் சொன்னதையெல்லாம் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார். “சரிம்மா. எழுதிக் கொடுங்க” என்று காகிதத்தை நீட்டினார். கையெடுக்காமல் ஒரு நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கினு எழுதுங்க. மலையில பட்டை எடுக்க இவங்களுக்கு ஃபாரஸ்ட் பாஸ் இருக்குது. பொங்கல் கழிச்சி அத்தப் புதுசு பண்ணணும். திருட்டு கேஸ்னு உங்க காயிதம் ரேஞ்சர் ஆபீசுக்குப் போச்சுன்னா பாஸ் கெடைக்காது. எட்டுக் குடும்பம்.”

“திருடறவங்களுக்கு எதுக்கு பாஸ்?” என்றேன்.

இப்போது அதை எழுதக் கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

முனியம்மா ஒரே ஒரு தடவை பேசினாள். “பட்டை பூரா நீங்களே எடுத்துக்கோங்க. குச்சியும் வெச்சிக்கோங்க. காயிதம் மட்டும் வேணாம்மா.” அழவில்லை, காலில் விழவில்லை. சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். அவளோடு வந்த பெண்களில் ஒருத்திதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுதினேன். எழுதுவது நம் தொழில் ஆயிற்றே! ‘அத்துமீறி’, ‘திட்டமிட்டு’, ‘ஈவிரக்கமின்றி’ — வார்த்தைகள் வரிசைகட்டி வந்தன. அரைப் பக்கத்தில் அந்த எட்டுக் குடும்பத்தையும் ஜெயிலுக்கு அனுப்பும் அளவுக்கு எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

“செடி உங்களுதுன்னு ஒரு வரி வேணும்” என்றார் முன்சீப். “நாத்து எங்க வாங்கினீங்க? அத்த எழுதிடுங்க.”

“வாங்கல. நானே கொண்டாந்தேன்” என்றேன் பெருமையாக. “ரெண்டு வருஷம் முன்னாடி, ஐப்பசி மழையில. மலையடிவாரத்துல மேக்குச் சரிவுல கேட்பாரில்லாம கிடந்துச்சு. கட்டையோட தோண்டி ரெண்டு வண்டி ஏத்தினு வந்தேன். பாதி செத்துப் போச்சு, மீதி நானூறு...”

சொல்லிக்கொண்டே போன நான் நிறுத்தினேன். முற்றத்தில் அந்த ஏழு பேரும் முனியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முனியம்மா முன்னால் வந்தாள். “ரெட்டப் பாறைக்குக் கீழயா?”

“ஆமா.”

“முட்டி உசரத் தளிரு... அடிக்கட்டை சாய்வா வெட்டி இருந்துச்சா?”

இருந்தது! நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டையிலும் வெட்டு வாய் ஒரே பக்கம் சாய்ந்து, வழவழவென்று இருந்தது. ‘அட, யாரோ கவாத்துப் பண்ணினதுபோல் எவ்வளவு அழகாக இருக்கிறது!’ என்று அன்றைக்கு நானே வண்டிக்காரனிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னவள், யார் அந்த ‘யாரோ’ என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? ஆடு கடித்தால் அப்படியா இருக்கும்? காற்று ஒடித்தால் அப்படியா இருக்கும்?

“நாங்க வெட்டினதும்மா அது” என்றாள் முனியம்மா. “மழத்தண்ணி கட்டை மேல நிக்காம வழியணும்னு சாய்வா வெட்டுவோம். அந்தச் சரிவ மூணு பங்கா வெச்சிருக்கோம். ஒரு பங்கு வெட்டினா அப்புறம் மூணாவது வருஷம்தான் அத்தத் தொடுவோம். ரெட்டப் பாறைப் பங்கு இந்தத் தைக்கு வெட்ட வேண்டியது. பக்கத்துப் பங்க வெட்டப் போனப்பப் பாத்தா, எல்லாம் குழி குழியா இருக்குது. பன்னி தோண்டிச்சோன்னு தேடினோம். அப்புறம் பாத்தா வண்டிச் சக்கரத் தடம்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?” என்றார் முன்சீப்.

“யார்கிட்டங்க சொல்றது? ஆவாரத்தத் திருடினு போய்ட்டாங்கன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்க?”

மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று சொன்னாள்: “அன்னிக்கு நீ இன்னா திட்டு திட்டின முனிம்மா! அந்தக் கை...” முனியம்மா அவளை ஒரு பார்வை பார்த்து அடக்கினாள். மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.

மலையில் அவர்கள் பங்கு காலி. அதனால்தான் கீழே இறங்கித் தேடியிருக்கிறார்கள். தேடி வந்து, மூன்று வருஷத்துக்கு முன் தாங்களே சாய்வாக வெட்டிவிட்ட அதே கட்டைகளை, என் கொல்லையில் வெட்டியிருக்கிறார்கள்! தெரியாமல்!

முன்சீப் கண்ணாடியைக் கழற்றினார். “பாஸ் வெச்சிருந்தது இவங்க. பாஸ் இல்லாம ரெண்டு வண்டி ஏத்தினது நீங்க. இதையும் சேத்து எழுதிடலாமா?”

வாசகர்களே, என்னைத் திருடி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அவரும் சொல்லவில்லைதான். ஆனால் அந்த முற்றத்தில் இருபது பேர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பேனா மூடியைக்கூட எனக்குத் திருகத் தெரியவில்லை.

நமக்கு ஒரு எண்ணம் — பாத்தி கட்டினால் சொந்தம், வேலி போட்டால் சொந்தம், தண்ணீர் ஊற்றினால் சொந்தம். கைபடாமல் மூன்று வருஷம் காத்திருப்பதும் வளர்ப்பதுதான் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. நிலத்தைப் பார்க்கிறோம், ஆளைக் காணோம், உடனே கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். கேட்கிறவர்கள் அடுத்த தையில் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

“நீ இன்னா சொல்ற?” என்று முன்சீப் முனியம்மாவைக் கேட்டார். “எழுதணும்னா உன் பேர்ல நானே எழுதறேன்.”

இப்போது நான் அவள் வாயைப் பார்த்து நின்றேன். அவள் அவசரப்படவில்லை. வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேஜைமேல் கிடந்த என் அரைப் பக்கத்தைப் பார்த்தாள்.

“எழுத வேணாங்க. செத்துப்போன பாதி போவட்டும். மீதிக்குத் தண்ணி ஊத்தி உசுரோட வெச்சிருந்தாங்க இல்ல...” என்றாள். “ஆனா திருடின்னாங்களே, அத்த மட்டும் திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க.”

காகிதத்தை நாலாகக் கிழித்தேன். அது சுலபமாக இருந்தது. அடுத்ததுதான் கஷ்டம்.

“நான் சொன்னது தப்பு முனியம்மா” என்றேன்.

“கேக்கலம்மா.”

“தப்புன்னு சொல்றேன். நீ திருடி இல்ல.”

“இங்க இல்லம்மா. ஏரிக்கரையில கத்தினீங்க. அங்க வந்து, அதே மாதிரி.”

ஏழுமலைக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. முன்சீப் வேப்பமரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. என் வயதென்ன, படிப்பென்ன, வாராவாரம் நாலு பேருக்குப் புத்தி சொல்லும் இந்தப் பக்கமென்ன! ஆனால் அவள் கேட்டதில் ஏதாவது தப்புக் கண்டுபிடிக்க முடியுமா? யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை.

நடந்தோம். உச்சி வெயில். போகும் வழியில் என் கொல்லையைப் பார்த்தேன். நுனிக்கொத்துகள் குவிந்து கிடந்தன. பூவெல்லாம் தொங்கிவிட்டது. அவர்களுக்கு வேண்டியது தண்டு, எனக்கு வேண்டியது நுனி. காலையில் வந்தவுடன் வாயை மூடிக்கொண்டு அந்தக் குவியலைக் கட்டி ஈரச் சாக்கில் சுற்றியிருந்தால் ஐம்பது கட்டும் தேறியிருக்கும்! அவற்றை வெயிலில் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மெட்ராஸுக்குத் தந்திதான் போயிற்று.

முனியம்மாவும் அந்தக் குவியலைப் பார்த்தாள். “தண்ணியக் கம்மி பண்ணுங்கம்மா. ஜாஸ்தி ஊத்தினா எலைதான் வரும்” என்றாள். “சாய்வாத்தான் வெட்டியிருக்கோம். மழைக்கு நேரா, நீளமாத் தளிரு வரும் பாருங்க.” கோபக்காரி பேசுகிற பேச்சு இல்லை அது. எனக்கு இன்னும் அவமானமாகிவிட்டது.

ஏரிக்கரையில் காலையில் நின்ற அதே இடத்தில் நின்றேன். டீக்கடையில் கிளாஸும் கையுமாக எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

முனியம்மா காத்திருந்தாள்.

“முனியம்மா திருடி இல்ல!” என்று கத்தினேன். “நான் சொன்னது பொய்! அவ திருடி இல்ல!”

ஏரிக்கு அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முனியம்மா தலையை ஆட்டினாள். கொட்டாப்புளியை எடுத்து வண்டியில் வைத்தாள். பட்டை மூட்டைகளோடு வண்டி கிளம்பியது. போதும் என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் சாலையைப் பார்த்தபடி நின்றாள்.

“காலையில நீங்க கத்தினப்ப பஸ் ஒண்ணு நின்னுனு இருந்துச்சும்மா, வேலூருக்குப் போறது” என்றாள். “ஜன்னல்ல எல்லாம் தல நீட்டிப் பாத்தாங்க. கேட்டுட்டுப் போய்ட்டாங்க.”

சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்துவிட்டாள்.

ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை. பொங்கல் வந்தது, போனது. அந்த பஸ்ஸை நான் எங்கே போய்த் தேடுவேன்?

அதில் ஜன்னலோரம் இருந்த யாராவது இந்தப் பத்திரிகையைப் படித்தால், தயவுசெய்து பக்கத்து ஸீட்டில் இருந்தவருக்கும் சொல்லிவிடுங்கள் — முனியம்மா திருடி இல்லை. ஆவாரம் செடியைத் திருடியவள் நான்!